இரும்பின் சட்டையை அலுமினியத்துக்கு மாட்டாதீர்கள்

தா.பழூரில் 22 ஆண்டுகளாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். டிப்ளமா மெக்கானிக்கல் முடித்து, துவாக்குடியில் கொதிகலன் உதிரிபாகம் செய்யும் பட்டறைகளில் ஒன்பது ஆண்டு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். கேட், கிரில், டிராக்டர் டிப்பர், மாட்டுக் கொட்டகைக்கு ஷெட் என்று இந்த வட்டாரத்துக்கு வேண்டியதையெல்லாம் செய்து கொடுக்கிறேன். என்னைப் பேனா பிடிக்க வைத்தவை மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் செய்த இரண்டு ஏற்றுப்பலகைகள்.

பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் பவர் டில்லரை வாடகைக்கு ஓட்டுகிறார். குட்டி யானை வண்டியில் டில்லரை ஏற்றிக்கொண்டு கொள்ளிடக்கரை ஊர்களுக்கெல்லாம் போவார். வண்டிக்கும் தரைக்கும் இடையே சாய்த்துப் போடும் எட்டடிப் பலகைகள் இரண்டும் இரும்பு. அடியில் இரண்டு ஆங்கிள், மேலே 3 மி.மீ. தகடு. ஒரு பலகை 40 கிலோ. நாளுக்கு ஆறு முறை அதைத் தூக்கிப் போட்டு அவருக்கு இடுப்பு போய்விட்டது. "அண்ணே, இதையே அலுமினியத்துல அடிச்சுக் குடுங்க" என்று கேட்டார்.

நானும் "இதையே" அடித்துக் கொடுத்தேன். பழைய பலகையை அளந்தேன். அதே நீளம், அதே ஆங்கிள் அளவு, அதே தடிமன். எடை 14 கிலோவுக்கு வந்துவிட்டது. அவர் ஒரு கையால் தூக்கிப் பார்த்துச் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. எட்டாவது நாள் வாய்க்கால் கரையில் டில்லர் பலகையின் பாதியில் ஏறும்போது, நான் வெல்டு வைத்த இடத்தில் பலகை மடிந்தது. டில்லர் சரிந்து வாய்க்காலில் விழுந்தது. அவர் பக்கவாட்டில் குதித்ததால் முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. ஒரு சாண் இந்தப் பக்கம் நின்றிருந்தால் கால் போயிருக்கும்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், டில்லரையும் சரிசெய்து கொடுத்தேன். ஆனால் மனம் ஆறவில்லை. ஏன் மடிந்தது என்று எனக்குத் தெரியாமலில்லை. அலுமினியத்தின் எடை இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்கு. அதன் விறைப்பும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதே அளவில் செய்தால் அதே பாரத்துக்கு மூன்று மடங்கு வளையும். போதாததற்கு, வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அலுமினியம் தன் பலத்தில் பெரும்பகுதியை இழந்துவிடும். இவையெல்லாம் டிப்ளமாவில் படித்தவை. இருந்தும் இரும்புக்கென்று தைத்த சட்டையை அலுமினியத்துக்கு மாட்டிவிட்டேன்.

அந்தப் பொங்கலுக்கு அண்ணன் மகள் ஊருக்கு வந்திருந்தாள். பி.இ. படித்துவிட்டு சென்னையில் கார் பாகங்களை வடிவமைக்கும் வேலை பார்க்கிறாள். மடிந்த பலகையைப் பட்டறை மூலையில் பார்த்து நடந்ததைக் கேட்டவள், "சித்தப்பா, எந்தப் பொருள்னு முதல்லயே முடிவு பண்ணிட்டீங்க. வடிவத்தையும் பழைய பலகையே முடிவு பண்ணிடுச்சு. அப்புறம் நீங்க யோசிக்க என்ன மிச்சம் இருந்துச்சு? ரெண்டையும் சேர்த்துல்ல தேடணும்" என்றாள். வைஸ் பெஞ்சைத் துடைத்து லேப்டாப்பை வைத்தாள். அன்று மாலை நான் பார்த்ததை இயன்றவரை எளிதாகச் சொல்லிவிடுகிறேன்.

பலகையைப் பக்கவாட்டில் பார்த்தால் எவ்வளவு இடம் கிடைக்குமோ அதை ஒரு செவ்வகமாக வரைந்துகொண்டாள். அதைச் சில ஆயிரம் சிறு கட்டங்களாகப் பிரித்தாள். பலகை எங்கே தாங்கி நிற்கிறது, சக்கரம் எங்கெங்கே ஏறும் என்பதைக் குறித்தாள். செலவழிக்கலாம் என்று மொத்த உலோகத்துக்கு ஒரு வரம்பு வைத்தாள். தொடக்கத்தில் எல்லாக் கட்டத்துக்கும் உலோகம் சமமாகப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. பிறகு கணினி ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு பாரத்தைச் சுமக்கிறது என்று கணக்கெடுக்கிறது. களத்துமேட்டில் கூலி அளப்பதுபோல, அதிகம் உழைத்த கட்டத்துக்கு ஒரு மரக்கால் கூட்டியும் சும்மா நின்ற கட்டத்துக்குக் குறைத்தும் அளக்கிறது. மறுபடி கணக்கு, மறுபடி அளப்பு. அரைகுறையாக நிற்கும் கட்டங்கள் நீடிக்காமலிருக்க ஒரு கடுமையான விதி உண்டு: பாதி உலோகம் வாங்கினால் எட்டில் ஒரு பங்கு விறைப்புதான் கணக்கில் சேரும். அதனால் ஒவ்வொரு கட்டமும் முழுதாக நிற்கிறது அல்லது காலியாகிறது. ஐம்பது அறுபது சுற்று முடிந்தபோது திரையில் சாம்பல் செவ்வகம் கரைந்து, இரு முனையும் மெலிந்து நடுவயிறு இறங்கிய ஒரு மீன் உருவம் நின்றது. உள்ளே கிளை கிளையாகச் சட்டங்கள். அதை யாரும் வரையவில்லை.

இதற்கான நிரலை டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஓலே சிக்மண்ட் 2001-இல் வெறும் 99 வரிகளில் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார். அதன் பின்னால் நீண்ட பரம்பரை இருக்கிறது. 1904-இல் மெல்போர்னில் மிச்செல் என்ற பொறியாளர், ஒரு பாரத்தைச் சுமக்கக் குறைந்தது எவ்வளவு பொருள் வேண்டும் என்ற கேள்விக்குத் தாளில் விடை கண்டார். 1988-இல் பெண்ட்சோவும் கிகுச்சியும் அதைக் கணினிக்குப் பொருந்தும் முறையாக மாற்றினார்கள்.

ஆனால் அவள் அங்கே நிறுத்தவில்லை. அடுத்த கேள்வி ஒவ்வொரு கட்டத்திலும் என்ன பொருள் என்பது. காலியா, அலுமினியமா, இரும்பா? இது முன்னதைவிடக் கடினம். பத்துச் சட்டம் உள்ள ஒரு ட்ரஸ்ஸை, அதாவது கூரையைத் தாங்கும் சட்டக்கூட்டை, எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சட்டத்துக்கும் ஐந்து பொருள்களில் ஒன்று என்றால் 97,65,625 சேர்க்கைகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் தடிமனை வேறு தேடியாக வேண்டும். ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தால் மாளாது. இரும்பிலிருந்து அலுமினியத்துக்குப் படி தாண்டிக் குதிப்பதற்குப் பதிலாக, இரண்டுக்கும் இடையே மேடும் பள்ளமுமாக ஒரு தொடர்பாதை போட்டு, அதன் வழியே கணக்கை நடத்திச் செல்வதுதான் இதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட வழி. மேட்டின் உச்சிகள் நிஜப் பொருள்கள்; கணக்கு முடியும்போது ஏதாவதொரு உச்சியில் போய் நிற்கும்.

இந்த வழியை வகுத்தவர்களில் ஒருவர் ஜி.கே.அனந்தசுரேஷ் என்று அவள் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக். படித்தவர், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர், 2010-இல் பட்நாகர் விருது பெற்றவர். பல பொருள்களை ஒரே வடிவத்தில் கலக்கும் முறையை யின் என்பவருடன் சேர்ந்து 2001-இல் வெளியிட்டார். 2008-இல் சௌரவ் ரக்ஷித்துடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு என் தொழிலுக்கு இன்னும் நெருக்கம்: ஒரு ட்ரஸ்ஸின் வடிவ அளவுகளையும் அதன் பொருளையும் ஒரே கணக்கில், ஒரே நேரத்தில் முடிவுசெய்வது. மாட்டுக் கொட்டகைக்கு நான் அன்றாடம் அடிக்கும் அதே ட்ரஸ். இவ்வளவு பக்கத்தில் இருந்த அறிவு என் பட்டறை வாசலுக்கு வர பதினைந்து ஆண்டு ஆகியிருக்கிறது. என் வருத்தமே இதுதான்.

அலுமினியம் இரும்பைவிட இலேசு என்று எல்லோரும் சொல்கிறோம். என்ன வேலைக்கு என்று கேட்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரு கம்பியை இழுத்துப் பிடிக்கிறீர்கள் என்று வையுங்கள். இரும்புக் கம்பி நீளும் அளவே அலுமினியக் கம்பியும் நீள வேண்டுமானால் அதை மூன்று மடங்கு பருமனாக்க வேண்டும். எடை இரும்புக்குச் சமமாகவே வந்து நிற்கும். லாபம் எதுவுமில்லை. ஆனால் வளைவைத் தாங்கும் பட்டைப் பலகையில் தடிமனை ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூட்டினாலே போதும், எடை பாதியாகிவிடும். ஆக, இழுக்கும் இடத்தில் அலுமினியம் போடுவது வீண்செலவு. வளையும் இடத்தில் போட்டால் பாதி சுமை குறையும். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் மைக்கேல் ஆஷ்பி பொருள்களை இப்படி வேலைக்கேற்ப வரிசைப்படுத்தி ஒரு பாடத்துறையாகவே ஆக்கிவிட்டார். வடிவம் தெரியாமல் பொருளைத் தேர்ந்தெடுக்க முடியாது. பொருள் தெரியாமல் வடிவத்தையும் முடிவு செய்ய முடியாது.

அந்தக் கணக்குச் சொன்னபடி இரண்டாவது முறை ஏற்றுப்பலகை செய்தேன். மேல்பலகையும் மீன்வயிறாக இறங்கும் பக்கச் சட்டங்களும் அலுமினியம். நடுவில் வெல்டே இல்லை. எல்லாம் போல்ட், அதுவும் வளைவு குறைந்த இடங்களில். வண்டியின் விளிம்பைக் கவ்வும் கொக்கி மட்டும் இரும்பு, ஏனென்றால் அங்கே தேய்மானமும் நசுக்கலும் அதிகம். இரும்பும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டு நின்றால் ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும். இடையில் ரப்பர் ஷீட் வைத்தேன். இந்த ரப்பரைக் கணினி சொல்லவில்லை. துவாக்குடியில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த ஃபோர்மேன் சொன்னது. ஒரு பலகை 19 கிலோ. கொடுப்பதற்கு முன் டில்லரையே நடுவில் நிறுத்தி, இரண்டு சிமெண்ட் மூட்டையும் ஏற்றி ஒரு பகல் முழுக்க வைத்துப் பார்த்தேன். இன்றுவரை ஓடுகிறது. இப்போது அவர் வீட்டம்மாவே பலகையை எடுத்துப் போடுகிறார்.

இந்த அறிவு கணினியோடு பிறந்ததில்லை. எங்கள் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் பனங்கை கிடக்கிறதா என்று பாருங்கள். பனைமரத்தின் நடுச்சதை மெத்தென்று இருக்கும்; வெளிச்சுற்றுதான் வைரம். காற்றில் ஆடும்போது வளைவு வெளிச்சுற்றைத்தான் அதிகம் இழுக்கிறது, அங்கேதான் மரம் தன் பலத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது. ஆசாரிமார் அந்த வைரப்பகுதியை மட்டும் சட்டமாக எடுத்தார்கள். கங்கைகொண்ட சோழபுரம் விமானம் இன்னொரு சாட்சி. கருங்கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையில் பிளக்கும். ஆகவே மண்டபத் தூண்களை நெருக்கி நிறுத்தினார்கள். விமானத்தை உள்ளே கூடாக விட்டு, கல்லுக்கு மேல் கல்லைச் சிறிது சிறிதாக உள்தள்ளி, ஏறக்குறைய 55 மீட்டர் உயரம் ஏற்றினார்கள். அந்த வடிவத்தில் கற்கள் பெரும்பாலும் அமுக்கத்திலேயே நிற்கின்றன. மரமாக இருந்திருந்தால் வேறு வடிவம் கட்டியிருப்பார்கள். அதே கோயிலின் மதிலில் பெரும்பகுதியை 1836-இல் பெயர்த்துத்தான் ஆர்தர் காட்டனின் அணைக்கரைக் கீழணைக்குக் கல் சேர்த்தார்கள். கைக்கு எட்டியது எதுவோ அதுவே பொருள் என்ற முடிவு அது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

நம் காலத்துச் சாட்சியாக அப்துல் கலாமைச் சொல்வேன். போலியோ பாதித்த குழந்தைகள் மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள உலோகக் காலிப்பரைக் கட்டிக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்ததை ஐதராபாத் நிஜாம் மருத்துவமனையில் பார்த்தார். ஏவுகணைக்கு உருவாக்கிய கூட்டுப்பொருளில் 300 கிராம் காலிப்பர் செய்ய வைத்தார். பழைய இரும்புச் சட்டத்தின் வடிவத்தை அப்படியே நகலெடுத்திருந்தால் அது நடந்திருக்காது. புதுப்பொருளுக்கு ஏற்ற, காலோடு ஒட்டிய கூடுபோன்ற வடிவத்தைத் தேடியதால் நடந்தது.

கஜா புயலுக்குப் பிறகு, 2018 நவம்பர் கடைசியிலிருந்து மன்னார்குடிப் பக்கம் ஒரு மாதம் ஷெட் பழுது வேலை பார்த்தேன். அங்கே ஒன்றைக் கவனித்தேன். ஷீட் பறந்த ஷெட்டுகளில் பலவற்றில் ட்ரஸ்ஸின் கீழ்ச்சட்டம் பாம்பாக நெளிந்து கிடந்தது. கூரையின் பாரம் கீழே இறங்கும்போது கீழ்ச்சட்டம் இழுவையில் இருக்கும். இழுவைக்கு மெல்லிய கம்பியே போதும் என்று 16 மி.மீ. ராடு போட்டிருந்தார்கள். மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 68 கிலோ அழுத்தம் தரும். தகர ஷீட்டின் எடையோ சதுர மீட்டருக்கு ஐந்து கிலோகூட இல்லை. காற்று கூரையை மேலே உறிஞ்சும்போது எல்லாம் தலைகீழாகிறது. இழுவையில் இருந்த கீழ்ச்சட்டம் அமுக்கத்துக்கு வந்துவிடுகிறது. இரண்டு மீட்டர் நீளமுள்ள 16 மி.மீ. ராடு இழுத்தால் ஐந்து டன் தாங்கும். அமுக்கினால் 160 கிலோவிலேயே நெளிந்துவிடும். அதே எடை இரும்பை 34 மி.மீ. வெளிவிட்டமும் 2 மி.மீ. சுவரும் உள்ள குழாயாக்கிப் போட்டால் 1,250 கிலோ வரை நெளியாது. இரும்பின் எடை மாறவில்லை, விலையும் பெரிதாக மாறவில்லை. எட்டு மடங்கு காவல் கிடைத்தது. அலுமினியத்துக்குப் போனால் அதே எடையில் குழாய் இன்னும் பருக்கும், மூன்றரை டன்னுக்கு மேல் தாங்கும். ஆனால் கிலோ விலை இரும்பைப்போல நாலைந்து மடங்கு. உப்புக்காற்று அடிக்கும் கடற்கரையில் அதுவும் கட்டுப்படியாகலாம், தா.பழூருக்கு வேண்டாம். இடம் மாறினால் விடையும் மாறும்.

இதில் எச்சரிக்கையும் இருக்கிறது. கணினி நாம் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும். காற்றின் உறிஞ்சலைச் சேர்க்காமல் "எடையைக் குறை" என்று மட்டும் கேட்டால், முதல் புயலில் பறந்துபோகும் மிக அழகான ட்ரஸ்ஸைத் தரும். துருவையும், வெல்டரின் கையையும், பத்து வருடம் கழித்து யாரோ அதில் கட்டப்போகும் ஊஞ்சலையும் கேள்வியில் சேர்க்க வேண்டியவர்கள் நாம்தான். அதனால்தான் இந்தக் கணக்கு பட்டறைக்காரனுக்கும் கொத்தனாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்கிறேன். அந்த விவரங்களெல்லாம் எங்களிடம்தான் இருக்கின்றன.

கொத்தனாரைச் சொன்னதும் கான்கிரீட் நினைவுக்கு வருகிறது. அரியலூர் சிமெண்ட் மாவட்டம். அரசு சிமெண்ட் ஆலை இங்கே 1979-இலிருந்து இருக்கிறது. தனியார் ஆலைகளும் வரிசையாக இருக்கின்றன. ஒரு காலத்துக் கடல் படிவைத்த சுண்ணாம்புக்கல்லை வெட்டித்தான் இந்த ஆலைகள் ஓடுகின்றன. ஒரு டன் தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் எரிபொருள் புகை போக, கல்லிலிருந்தே 440 கிலோ கரியமில வாயு வெளியேறும். அந்த லாரிகளின் தூசியைச் சுவாசித்துக்கொண்டு வாழும் நாம், வந்து சேரும் சிமெண்டை எப்படிச் செலவழிக்கிறோம்? பத்தடி அறைக்கும் பதினாறடி ஹாலுக்கும் ஒரே ஐந்து அங்குலத் தளம், ஒரே ஒன்பதுக்குப் பன்னிரண்டு பீம். கான்கிரீட்டின் இழுவை பலம் அமுக்க பலத்தில் பத்தில் ஒரு பங்குதான். அதனால் தளத்தின் கீழ்ப்பாதி கான்கிரீட் பெரும்பாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா தொங்குகிறது. லாரி பேக்கர் கேரளத்தில் அந்த இடத்தில் பழைய ஓடுகளைப் பதித்துத் தளம் போட்டுக் காட்டினார். சூரிக்கில் பிலிப் பிளாக்கின் ஆய்வுக்குழு வளைந்த மெல்லிய தளத்தை வடிவமைத்துக் கான்கிரீட்டை 70 சதவீதம் வரை குறைக்க முடியும் என்று காட்டியிருக்கிறது.

பொருளின் பக்கமும் வேலை நடக்கிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுக் கிடைக்கும் கிளிங்கரைப் பாதியாகக் குறைத்து, சுட்ட களிமண் 30, சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5 என்ற விகிதத்தில் சேர்க்கும் எல்.சி.3 சிமெண்டைச் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்களோடு சேர்ந்து உருவாக்கியதில் சென்னை ஐ.ஐ.டி.க்கும் பங்கு உண்டு. ஆலைகள் தரம் குறைவென்று ஒதுக்கும் சுண்ணாம்புக்கல்கூட இதற்கு உதவும். நல்ல செய்தி. ஆனால் இந்தச் சிமெண்டையும் பழைய ஐந்து அங்குலத் தளத்திலேயே கொட்டினால் பாதி லாபத்தைக் கீழே சிந்திவிடுகிறோம். புதுச் சிமெண்டும் புது வடிவமும் ஒரே வரைபடத்தில் வர வேண்டும்.

அப்படியானால் ஏன் வரவில்லை? என் அனுபவத்தில் ஒரு காரணம் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது. எங்கள் தொழிலில் கூலி கிலோவுக்கு. அரசு வேலையானாலும் தனியார் வேலையானாலும், ஒரு கிலோ இரும்பு வேலைக்கு இத்தனை ரூபாய் என்றுதான் ஒப்பந்தம். ஆயிரம் கிலோ ஷெட்டை யோசித்து யோசித்து 700 கிலோவில் செய்துவிட்டால் 300 கிலோ கூலி என் கையைவிட்டுப் போகிறது. யோசித்தவனுக்குத் தண்டனை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஒப்பந்ததாரர் ஷெட் வேலை கொடுத்தார். வரைபடத்தில் ஆங்கிள், கடையில் அந்த அளவு ஆங்கிள் இல்லை. "கைக்குக் கிடைச்ச பட்டையைப் போடுங்க, கிலோ சரியா இருந்தா பில் பாஸ் ஆயிடும்" என்றார். பட்டை அமுக்கத்தில் நெளியும் என்றேன். அவருக்கு நேரமில்லை. அந்த வேலையை நான் விட்டுவிட்டேன். வேறொருவர் செய்தார்.

பட்டை போட்டாலும் குழாய் போட்டாலும் கிலோ ஒன்றுதான். அந்த ஷெட்டின் கீழே நெல் குவித்திருக்கும் விவசாயிக்கு இரண்டும் ஒன்றல்ல. சம்பா அறுவடைக் காலத்தில் தா.பழூர் வட்டாரக் கொள்முதல் நிலையங்களில் தார்ப்பாயோடு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பவர்களை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். மாசியில் ஒரு மழை பெய்தால் மூட்டை முளைத்துவிடும். ஈரப்பதம் அதிகம் என்று நெல் திரும்பும்போது அந்த முகங்களைப் பார்க்க முடியாது. களத்துக்குக் கூரை போடப் பணம் போதவில்லை என்கிறார்கள். அதே பணத்தில் இன்னும் அகலமான கூரை போட முடியும் என்று நான் சொல்கிறேன். பொருளையும் வடிவத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் முடியும்.

அரசுக்கு நான் வைக்கும் கோரிக்கை பெரிதல்ல. சிறு கூரைகளுக்கும் நிழற்குடைகளுக்கும் மேல்நிலைத் தொட்டியின் தாங்கு சட்டங்களுக்கும் கிலோவுக்குக் கூலி என்பதை விட்டுவிட்டு, இத்தனை அகலம், இத்தனை காற்று வேகம், இத்தனை ஆண்டு உழைப்பு என்று கேட்டு முழு வேலைக்கு விலை பேசுங்கள். குறைந்த இரும்பில் அதே பலத்தைக் காட்டுகிறவருக்கு மிச்சத்தில் பங்கு கொடுங்கள். பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் வாரத்தில் ஒரு பிற்பகல் கணினிக்கூடத்தைச் சுற்றுவட்டாரப் பட்டறைகளுக்குத் திறந்து விடட்டும். ஒரு வாரம் டிப்பர், மறுவாரம் களை எடுக்கும் கருவி என்று நாங்கள் நிஜக் கேள்வியோடு வருவோம். மாணவர்கள் கணக்குப் போடட்டும், நாங்கள் செய்து பாரம் ஏற்றிக் காட்டுகிறோம். இறுதியாண்டுத் திட்டம் என்ற பெயரில் ஆயத்தமாக வாங்கி அட்டை போட்டு வைப்பதைவிட அது எத்தனையோ மேல். நிரல் இலவசம், லேப்டாப் பல மாணவர் வீடுகளில் இருக்கிறது. என் அண்ணன் மகள் அன்று மாலை முழுக்கச் செலவழித்தது என் வீட்டு மின்சாரமும் இரண்டு டம்ளர் டீயும்.

வரும் சம்பா அறுவடைக்கு முன் தா.பழூர் ஒன்றியத்தில் ஒரே ஒரு கொள்முதல் நிலையக் களத்துக்கு இந்த முறையில் கூரை போட்டுப் பார்ப்போம். கணக்குப் போட மாணவர்களைக் கல்லூரி அனுப்பட்டும், இரும்பை அரசு வாங்கிக் கொடுக்கட்டும். ட்ரஸ் அடித்து ஏற்றும் வேலையை நான் செய்து தருகிறேன். அந்த ஒரு கூரைக்கு எனக்குக் கூலி வேண்டாம்.